மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் ஒரு மீன் சாப்பாடு

அத்தா, என் அப்பா, சமைக்கப்போகிறார் என்ற செய்தி அன்று காலை எட்டு மணிக்குள் லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது நான்தான். பால்காரரிடம் சொன்னேன். எதிர்வீட்டில் சொன்னேன். பள்ளிக்கூட வேனில் ஏறியதும் டிரைவரிடமே சொன்னேன். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மட்டும் நம்பவில்லை.

"உங்க அத்தா சவூதியில எலக்ட்ரீஷியன்தானே?" என்றாள்.

"எலக்ட்ரீஷியன்னா சாப்புட மாட்டாங்களா?" என்று கேட்டேன். பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் முகத்தில் சந்தேகம் போகவில்லை.

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் ஆண்கள் சமைப்பார்கள். கல்யாணத்துக்கு, பெரிய தேக்சாவில், ஊர் முழுவதற்கும் பிரியாணி ஆக்குவார்கள். அது கௌரவம். வீட்டு அடுப்படியில் நின்று ஐந்து பேருக்கு ஆக்குவதுதான் ஆண்பிள்ளைக்கு ஆகாது.

அந்தச் சாப்பாட்டை நம்பி ஒரு பெரிய விஷயம் நின்றிருந்தது. அத்தா இரண்டு மாத லீவில் வந்திருந்தார். திரும்பிப் போவதற்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்திருந்தார். ஆனால் இந்த முறை வந்த மறுநாளே, போகாமல் இங்கேயே ஏதாவது பண்ணிக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அம்மாவின் அண்ணனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, ஒரு கட்டடம் உண்டு. கீழே ஒரு பக்கம் அவருடைய பெயிண்டு கடை. மறுபக்கம் காலி. அந்தக் காலி இடத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக் கடை ஒன்று போடலாம் என்பது அத்தாவின் திட்டம். எண்ணெயில் மிதக்காத மீன், அளவாகச் சோறு, பச்சைக் காய். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர் கை கழுவி உட்காருவதற்குள் தட்டு வந்துவிட வேண்டும். மாமா இடம் கொடுத்தால் அத்தா இங்கே இருப்பார். கொடுக்காவிட்டால் விமானம் ஏறிவிடுவார்.

எனக்கு அது எப்படிப்பட்ட விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். அதுவரை நான் அத்தாவை நேரில் பார்த்தது லீவுகளில்தான். மற்ற நாட்களில் அவர் அம்மாவின் செல்போனுக்குள் இருந்தார். வீடியோவில் அவர் தலைக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு பலகை தெரியும். அதை அவர் வீட்டுக் கூரை என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது அடுக்குக் கட்டிலில் மேலே படுப்பவரின் படுக்கைப் பலகை என்று பின்னால்தான் தெரிந்தது.

மாமாவிடம் பேச்சு எடுத்தபோது நானும் கூடத்தில் இருந்தேன். மாமா முழுவதையும் கேட்டார். டீயையும் குடித்து முடித்தார். பிறகுதான் சொன்னார்.

"மாப்ள, வாயாலேயே கடை போட்டவன் நம்ம ஊருல தெருவுக்கு நாலு பேரு இருக்கான். நான் வாய நம்புறதில்ல. நாளைக்கு ஆக்கிப் போடுங்க. மஃரிபு தொழுதுட்டு வந்து அடுப்ப பத்த வைங்க. இஷாவுக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள தட்டு என் முன்னால இருக்கணும். தின்னு பாத்துட்டுச் சொல்றேன்."

மஃரிபு என்பது சூரியன் மறைந்ததும் தொழுவது. இஷா, இருட்டிய பிறகு தொழுவது. பாங்கு, தொழ வரச் சொல்லிப் பள்ளிவாசலில் கூப்பிடுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். அம்மா மீன் குழம்பு வைத்தால் புளி கரைத்து, தேங்காய் அரைத்து, அது கொதித்து இறங்கவே அவ்வளவு நேரமாகும். அத்தா, "சரி மச்சான்" என்றார். அவ்வளவுதான். நான் அன்று இரவு தூங்கவில்லை என்று சொன்னால் அது மிகை. ஆனால் படுத்தபடியே, மாமாவின் தட்டில் மீன் வைக்கும் காட்சியைப் பல விதமாகப் பார்த்தேன்.

அம்மா இந்தப் போட்டியில் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. அவருக்கு வேறு வருத்தம். அத்தா வந்த நாளிலிருந்து அம்மாவின் சமையலைச் சரியாகச் சாப்பிடவில்லை. குழம்பை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தயிரை ஊற்றிக்கொள்வார். பிரியாணியில் இரண்டு வாய். கேட்டால் பயண அலுப்பு, வயிறு சரியில்லை என்பார். மாமி, மாமாவின் மனைவி, அம்மாவுக்கு மச்சி, பக்கத்துத் தெருதான். இதைக் கேள்விப்பட்டு வந்து அம்மாவைச் சீண்டினார்.

"அங்க எவ ஆக்கிப் போட்டாளோ, உன் புருசனுக்கு நாக்கு மாறிப் போச்சு போ."

"அங்க ரூமுல பொம்பளைங்களே கெடையாது மச்சி" என்றார் அம்மா.

"அதான் சொல்றேன். அவரே ஆக்கித் தின்னு அவரு கை ருசிக்கு மயங்கிட்டாரு. இப்ப நம்மளயும் மயக்கப் பாக்குறாரு."

மாமி சிரித்தார். அம்மா பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்த்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தா என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு திட்டக்குடிக்குப் போனார். வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் சந்தை. மீன்கார அம்மா எங்களைப் பார்த்ததும் அலுமினியக் குண்டானின் மூடியை எடுத்தார். உள்ளே இரண்டு விரால், கறுப்பாக, தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கிடந்தன.

"வாங்க பாய். உசுரோட இருக்கு பாருங்க. பாப்பா, கைய விடாத, புடிச்சு இழுத்துரும்."

அத்தா விராலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஐஸில் அடுக்கியிருந்த கானாங்கெளுத்தியை எடுத்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். கண்ணை விரலால் அழுத்தினார். வயிற்றைத் தட்டினார்.

நான் அவர் சட்டையை இழுத்தேன். "அத்தா, மாமாவுக்கு விரால்தான் புடிக்கும்."

"தெரியும்."

"அப்பறம் ஏன் இது?"

"விரால தோலுரிச்சு முடிக்கறதுக்குள்ள உங்க மாமாவுக்கு இஷா வந்துரும்."

மீன்கார அம்மா தராசில் மீனைப் போட்டபடி சொன்னார். "நல்ல மீனுதான், காலையில கடலூர்லேந்து வந்தது. ஆனா கவுச்சி கொஞ்சம் தூக்கும் பாய். வூட்டுல புளிய தாராளமா விடச் சொல்லுங்க."

"வூட்டுல இல்லம்மா. நான்தான் ஆக்கறேன்."

அவர் அத்தாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குவியலிலிருந்து இன்னொரு மீனை எடுத்துப் பைக்குள் போட்டார். "இதுக்குக் காசு வேணாம். ஒண்ணு கருகிப் போனா மாத்துக்கு ஆகும்."

மீனைச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் கீறி வாங்கிக்கொண்டோம். வழியில் எனக்கு ஒரு பயம் வந்தது. மீனை முன்கூட்டியே அறுத்து வைத்தது மாமாவின் விதிக்கு அடங்குமா?

"அடுப்பதான் பத்த வைக்கக் கூடாதுன்னாரு" என்றார் அத்தா. "கத்திய பத்தி அவரு ஒண்ணும் பேசலயே." எனக்கு அத்தாவின் மேல் பெரிய மரியாதை பிறந்தது.

மஃரிபு தொழுதுவிட்டு அத்தா பள்ளிவாசலிலிருந்து வேகமாக நடந்து வந்தார். தொப்பியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். அடுப்படி மேடையில் அம்மா எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். ஊறவைத்த புளி, துருவிய தேங்காய், மிளகாய்த்தூள் டப்பா, கடலை எண்ணெய், உப்பு ஜாடி. அத்தா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேடையின் மறுகோடிக்கு நகர்த்தினார். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்ததை என்னால் கண்ணால் முழுவதும் தொடர முடியவில்லை. அரிசியைக் களைந்து கரண்டுக் குக்கரில் போட்டார். குக்கர் சிவப்பு விளக்கு போடுவதற்குள் பூண்டு, மிளகு, சீரகம், ஒரு பிடி கொத்தமல்லித் தழை எல்லாம் மிக்ஸிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. மிக்ஸி ஓடும்போதே எலுமிச்சம்பழத்தை ஒரு கையால் பிழிந்தார். அரைத்ததில் மஞ்சளும் சாறும் சேர்த்து மீனின் கீறல்களுக்குள் கட்டைவிரலால் அடைத்தார். மேலே உப்பு ஜாடியிலிருந்து ஒரே ஒரு சிட்டிகை. தோசைக்கல்லைச் சூடாக்கி, எண்ணெய் ஊற்றுவதற்குப் பதிலாக வாழையிலை ஒன்றை விரித்தார். இலையின் மேல் மீன்களை வரிசையாகப் படுக்க வைத்து, மேலே இன்னொரு இலை, அதற்கு மேல் குண்டான் மூடி. இன்னொரு அடுப்பில் மீன் தலைகளும் தக்காளியும் நசுக்கிய பூண்டும் கொதிக்க ஆரம்பித்தன.

என் வேலை வாசலில் நிற்பது. பாங்கு சொல்வதற்கு முன் பள்ளிவாசல் மைக்கை யாரோ விரலால் தட்டிப் பார்ப்பார்கள். அந்த டக், டக் சத்தம் கேட்டால் நான் ஓடிவந்து சொல்ல வேண்டும். ஆனால் வாசலில் நின்றால் சமையல் தெரியாது. சமையலைப் பார்த்தால் மைக் கேட்காது. நான் இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தேன். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "தலை கொதிக்குது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் மேடை முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. அத்தா பயன்படுத்திய பாத்திரத்தை அடுத்த நிமிடமே கழுவிக் கவிழ்த்தார். வெள்ளரியும் தக்காளியும் வெங்காயமும் ஒரே அளவில் நறுக்கி முடித்தார். கத்தியைத் துடைத்து வைத்தார்.

"ஏன் அத்தா இவ்வளவு வேகம்?"

"அங்க நாலு ரூமுக்கு ஒரே அடுப்படிம்மா. நம்ம முறை முடியறதுக்குள்ள அடுத்த ரூமுக்காரன் சட்டியோட வாசல்ல வந்து நிப்பான். இருமுவான். அந்த இருமல் சத்தத்துக்கே சோறு வெந்துரும்."

மூடியைத் திறந்தார். வாழையிலை பழுப்பாகச் சுருண்டிருந்தது. அதைப் பிரித்ததும் வந்த வாசனையில் புளி இல்லை, தேங்காய் இல்லை, எண்ணெய் இல்லை. ஆனாலும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. கவுச்சி கொஞ்சமும் இல்லை. ஒரு மீன்கூடக் கருகவில்லை. இனாமாக வந்த மீனும் வெந்திருந்தது.

அத்தா அடுப்பை அணைத்தார். அதைத் துடைத்தார். சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றார். யாருக்கோ வழி விடுவதுபோல.

அம்மா கதவோரத்திலிருந்து சொன்னார். "இது நம்ம வூடுங்க. யாரும் வரமாட்டாங்க."

அத்தா சிரித்தார். கொஞ்சம் வெட்கத்தோடு.

மாமாவும் மாமியும் வந்தபோது கூடத்தில் விரிப்பு போட்டாகிவிட்டது. அத்தாவே விரித்தார். தட்டுகளை அவரே வைத்தார். மாமி நேராக உள்ளே அம்மாவிடம் போனார். எங்கள் வீட்டில் ஆண்கள் கூடத்திலும் பெண்கள் உள்ளறையிலும் சாப்பிடுவார்கள். நடுவில் ஒரு திரை. சின்னப் பிள்ளை என்பதால் எனக்குத் திரை கிடையாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் போகலாம், வரலாம்.

மாமா சம்மணமிட்டு உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரத்துல ஜெயிச்சுட்டீங்க" என்றார். பிறகு அவர் விரிப்பை இடமிருந்து வலமாகப் பார்த்தார்.

"உப்பு எங்க மாப்ள?"

எங்கள் வீடுகளில் விரிப்பில் முதலில் வைப்பது உப்புக் கிண்ணம். பிஸ்மில்லா சொல்லி, விரல் நுனியால் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள். சோறு வராவிட்டாலும் காத்திருப்பார்கள். உப்பு வராமல் ஆரம்பிக்க மாட்டார்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அத்தா, போனில். 'உப்பத் தொட்டியாம்மா?' என்று அங்கிருந்து கேட்பார். அவர் விரித்த விரிப்பில் அது இல்லை.

நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். மாமா தொட்டார். கிண்ணத்தை அத்தாவின் பக்கம் தள்ளினார். அத்தா அதை எடுத்து என் பக்கம் வைத்தார். நான் தொட்டேன். இதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. நான் திரும்பியபோது திரையின் ஓரம் லேசாக விலகியிருந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா மீனை விண்டார். சதை முள்ளிலிருந்து அலுங்காமல் கழன்று வந்தது. வாயில் வைத்தார். மென்றார். "ம்" என்றார். இரண்டாவது வாய். "பூ மாதிரி வெந்திருக்கு."

நான் திரைக்கு அந்தப் பக்கம் ஓடினேன். "மாமாவுக்குப் புடிச்சிருக்கு" என்று அறிவித்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன். அதற்குள் மாமாவின் முகத்தில் ஏதோ மாறியிருந்தது. சோற்றை ஒரு வாய், தலைச் சாற்றை ஒரு மடக்கு, வெள்ளரியை ஒரு துண்டு என்று வரிசையாகச் சாப்பிட்டுப் பார்த்தார்.

"மாப்ள, உப்பு போட்டீங்களா?"

அத்தா தன் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து மென்றார். உண்மையாகவே யோசித்தார். "இருக்கே மச்சான். அளவாத்தான் போட்டிருக்கேன்."

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். உப்புக் கிண்ணத்தை இழுத்து மீனில் தூவினார். சோற்றில் தூவினார். சாற்றிலும் போட்டுக் கலக்கினார். அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்த என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"மாமா, அங்கல்லாம் இப்படித்தான் சாப்புடுவாங்க" என்றேன்.

"அப்படியா? சரி. ஆனா கடை இங்கதானே போடணும் பாப்பா." குரலில் கடுமை இல்லை. "கையில பக்குவம் இருக்கு மாப்ள. நான் மறுக்கல. வேகம் இருக்கு, சுத்தம் இருக்கு. ஆனா பெரம்பலூர்க்காரன் காசு குடுத்து உப்பில்லாம திம்பானா?"

அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்த பிறகு அவர் இப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. ஒரு பருக்கைகூட ஒதுக்காமல், தட்டை வழித்து, பசியோடு சாப்பிட்டார்.

திரைக்கு அந்தப் பக்கம் மாமி வாயில் மீனோடு அம்மாவின் தொடையில் தட்டினார். "உப்பே இல்லடி. அவசரத்துல மறந்துட்டாரு உன் எலக்ட்ரீஷியன்."

அம்மா சிரிக்கவில்லை. மீனைச் சாப்பிட்டார். சோற்றை வெறுமையாக ஒரு வாய் போட்டார். சாற்றை உறிஞ்சினார். ஒரு துண்டு வெள்ளரியைக் கடித்தார். பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுல மறக்கலாம் மச்சி. நாலுலயுமா மறப்பாங்க?"

"அப்படின்னா?"

அம்மா எழுந்து திரை ஓரத்தில் போய் நின்றார். அத்தா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமியும் மெல்வதை நிறுத்தியிருந்தார். நான் இருவர் முகத்தையும் பார்த்தேன். தோற்றுவிட்டோம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

டக், டக் என்று மைக் சத்தம் கேட்டது. இஷாவுக்குப் பாங்கு எழுந்தது. மாமா கை கழுவிவிட்டு எழுந்தார். "நாளைக்குச் சொல்றேன் மாப்ள. வாங்க, தொழுதுட்டு வந்துரலாம்."

திரைக்கு உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அண்ணே, நீங்க போங்க. இவங்க வூட்டுலயே தொழுதுக்குவாங்க." பிறகு என்னிடம், "நீ மாமிகூட அவங்க வூடு வரைக்கும் போயிட்டு வா" என்றார். மாமிக்குத் துணை தேவையே இல்லை. அவரைப் பார்த்தால் நாய்கள்தான் துணை தேடும். ஆனாலும் மாமி மறு பேச்சில்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசல் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். அம்மா அடுப்படிக் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டிருந்தார். அத்தா உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தண்ணீர் நின்றது.

தெருவில் நடக்கும்போது மாமியின் முந்தானையை இழுத்தேன். "மாமி, மாமாகிட்ட சொல்லுங்க. அடுத்த தடவ நெறய உப்பு போடச் சொல்றேன். நானே கிட்ட நின்னு போட வைக்கிறேன்."

வேறு நாளாக இருந்தால் மாமி அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் கேலி செய்திருப்பார். அன்று என் தலையில் கை வைத்தார். "சரி கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

சாத்திய கதவுக்குப் பின்னால் பேசியதை நான் வளர்ந்த பிறகு அம்மா எனக்குச் சொன்னார். ஒரே நாளில் சொல்லவில்லை, அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக. அத்தா வேலை இடத்தில் ஒரு நாள் ஏணி அடியில் மயங்கி விழுந்திருக்கிறார். நல்லவேளை, ஏறுவதற்கு முன். ரத்த அழுத்தம் எக்கச்சக்கம், சிறுநீரகத்திலும் பழுது ஆரம்பித்திருக்கிறது என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். உப்பை விடு, எண்ணெயை விடு, மீனும் காயும் சாப்பிடு என்று அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த ரூமில் இருந்தவர்கள் அத்தாவுக்காக எல்லோருக்குமே உப்பில்லாமல்தான் சமைத்தார்களாம். வேண்டியவர்கள் தங்கள் தட்டில் தூவிக்கொண்டார்களாம். நோயாளிக்குத் தனிச் சட்டி என்ற பேச்சே அங்கே எழக் கூடாது என்று. அப்படியே பழகி, உப்பு இல்லை என்பதே அத்தாவின் நாக்குக்குத் தெரியாமல் போயிருந்தது. இதையெல்லாம் அவர் வீட்டில் சொல்லவில்லை. நோயாளியாக ஊர் திரும்ப அவருக்கு மனமில்லை. கடைக்காரராகத் திரும்ப ஆசைப்பட்டார். அந்த ஆசைக்கு மாமாவின் காலி இடம் தேவைப்பட்டது. அன்றிரவே அம்மா மாமாவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் விடிந்ததும் மாமா வந்தார். அவர் பெயிண்டு கடை திறக்கும் நேரத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்ததே கிடையாது. கூடத்தில் மூன்று பேரும் மெதுவாகப் பேசினார்கள். நான் சீருடையோடு வாசலில் நின்றேன். வேன் ஹார்ன் அடித்தபோது மாமா வெளியே வந்தார்.

"உங்க அத்தா போகல பாப்பா. இனிமே இங்கதான்."

நான் வேனில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. பக்கத்தில் உட்காருகிறவளை உலுக்கினேன். "மீன் ஜெயிச்சிருச்சு" என்றேன். ராத்திரி முழுக்க மாமாவின் நாக்கில் அந்த ருசி நின்றிருக்கிறது, விடியும்போது அவரால் பொறுக்க முடியவில்லை, ஓடிவந்துவிட்டார். இப்படித்தான் விளக்கினேன். அதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்வதுபோலச் சொன்னேன்.

அன்று அத்தா, அம்மா, மாமா மூவரும் காரில் திருச்சிக்குப் போனார்கள். கடைக்குச் சாமான் வாங்கத்தான் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. வேறு எதற்காகப் போவார்கள்? சாயங்காலம் கார் வந்து நின்றதும் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஸ்டெப்னி டயர் மட்டும் இருந்தது. மாமாவின் கையில் பெரிய கவர் ஒன்று.

"இது என்ன மாமா?"

மாமா கவரை மறு கைக்கு மாற்றினார். "கடைக்கு பிளான்."

"அடுப்பு வாங்கலயா?"

மாமா அத்தாவைப் பார்த்தார். அத்தாவின் முழங்கை மடிப்பில் சின்னதாகப் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. "ஆர்டர் குடுத்திருக்கோம்மா" என்றார் அவர். "பெரிய அடுப்பு இல்லையா, வர நாளாகும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அந்த வாரம் முழுக்கப் பெரம்பலூர் சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பும் மினி லாரிகளை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு லாரி உண்மையாகவே எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றது. எதிர்வீட்டுக்கு பீரோ இறக்கினார்கள். நான் டிரைவரிடம் போனேன்.

"அண்ணே, எங்க அத்தாவோட அடுப்பு உங்க வண்டியிலதான் வருமா?"

"எந்தக் கடையில பாப்பா வாங்குனாங்க?"

கவரின் மேல் அச்சடித்திருந்த இங்கிலீஷ் பெயரை நான் ஏற்கெனவே எழுத்துக் கூட்டிப் படித்து வைத்திருந்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் அவ்வளவு நீளமான சொல் கிடையாது. பிசகாமல் சொன்னேன். "திருச்சியில. டயக்னாஸ்டிக்ஸ்னு பேரு."

டிரைவர் கையில் இருந்த கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினார். எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தாவை ஒரு முறை பார்த்தார். அத்தா அவருக்கு ஸலாம் சொல்லும் விதமாகக் கையைத் தூக்கினார்.

"வரும் பாப்பா" என்றார் டிரைவர்.

அவ்வளவு பெரிய பெயருள்ள கடையென்றால் அடுப்பும் சின்னதாக இருக்காது. நான் உள்ளே போய், கூடத்து மூலையில் நின்ற என் சைக்கிளை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தைப் பெருக்கிச் சுத்தமாக வைத்தேன்.